பதினெட்டு முடிய ஏழு மாதம்: போக்சோ சட்டமும் இரு வீட்டாரின் அவசரமும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் அக்கா மகனுக்கு 20 வயது. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியும் அவனும் ஒரு வருடமாக விரும்புகிறார்கள். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. 18 முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. போன வாரம் இருவரும் வீட்டை விட்டுப் போய், மறுநாள் தாங்களாகவே திரும்பி வந்துவிட்டார்கள். பெண் வீட்டார் மகளிர் காவல் நிலையத்துக்குப் போவோம் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களோ கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். இருவரும் மனமொத்துத்தானே பழகினார்கள்? சட்டம் என்ன சொல்கிறது? வயதை 16 ஆகக் குறைக்கப் போகிறார்களாமே, உண்மையா?"

ஈரோட்டிலும் கோபியிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்ற வழக்குகள் நடத்தி வருகிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவு செய்து தாலி கட்ட வைக்காதீர்கள். "கண்ணாலத்தப் பண்ணி வெச்சுட்டா முடிஞ்சுதுங்க" என்று சொல்கிற பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்கள் காலத்தில் அது முடிந்திருக்கலாம். இன்று அந்தத் தாலி பழைய குற்றச்சாட்டு எதையும் அழிப்பதில்லை. அதன் மேல் இன்னொரு வழக்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2006 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 முடியாத பெண்ணை மணக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நடத்தி வைத்தவர், முன்னின்று ஏற்பாடு செய்த பெற்றோர், தடுக்காமல் கலந்துகொண்ட உறவினர் என்று பொறுப்பு விரிந்துகொண்டே போகும். உங்கள் அக்கா மகனுக்கே 21 முடியவில்லை என்பதால் அந்தச் சட்டத்தின் கணக்கில் மாப்பிள்ளையும் திருமண வயதை எட்டாதவர்தான். மனைவி என்பதாலும் விலக்குக் கிடையாது. 18 வயதுக்குக் குறைந்த மனைவியோடு கணவன் உறவு கொள்வதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது.

இனி "மனமொத்துத்தானே" என்ற கேள்வி. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், 18 வயது முடியாத யாரையும், ஆணோ பெண்ணோ, குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் சம்மதம் என்ற ஒன்றை அது எண்ணிப் பார்ப்பதே இல்லை. எனவே ஐம்பது வயதுக்காரர் பத்து வயதுக் குழந்தைக்குச் செய்யும் கொடுமையும், இருபது வயதுப் பையனுக்கும் பதினேழரை வயதுப் பெண்ணுக்கும் இடையிலான உறவும் ஒரே சட்டத்தின் ஒரே வாசல் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குள் வருகின்றன. காதலிப்பதோ, பேசுவதோ, பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதோ குற்றமாகாது. பாலியல் நோக்கத்தோடு செய்வதே குற்றம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலியல் உறவு இருந்ததென்று நிறுவப்பட்டால் தண்டனையின் அளவு, ஊரில் பலரும் நினைப்பதைவிட மிகப் பெரியது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் உறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. பெண்ணுக்கு 16 முடியவில்லை என்றால் இருபது ஆண்டு. ஒரு முறைக்கு மேல் நடந்தாலோ, பெண் கருவுற்றாலோ அது கடுமையாக்கப்பட்ட குற்றமாகி, 16 ஆனவளாக இருந்தாலும் இருபது ஆண்டு முதல் ஆயுள் முழுவதும் சிறை, மரண தண்டனை வரை போகும். குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே இறங்க விசாரணை நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. அவர் மனம் இளகினாலும் கை கட்டப்பட்டிருக்கிறது.

அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளி, விடுதி போன்ற நிறுவனங்களின் பொறுப்பாளர் தமக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. அதனால்தான் குடும்பங்கள் தமக்குள் பேசி முடித்துவிட்டதாக நம்பிய விஷயம், ஒரு நாள் முற்றிலும் வேறு திசையிலிருந்து வழக்காக முளைக்கிறது.

அப்படி முளைக்கும் இடம் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையம்தான். ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறேன். பதினேழு வயதுப் பெண். இரு வீட்டார் சம்மதத்தோடு மலைக்கோயில் ஒன்றில் திருமணம். நான்கு மாதம் கழித்து, கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவதற்காக மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். செவிலியர் ஆதார் அட்டையை வாங்கிப் பிறந்த தேதியை எழுதினார். எழுதியவர் ஒரு கணம் நிறுத்தி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "கண்ணு, உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையா?" என்று கேட்டுவிட்டு மருத்துவரிடம் எழுந்து போனார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. சொல்லாமல் இருந்தால் அவர்கள் மேலேயே வழக்கு வரும். அன்று மாலையே அந்தப் பெண்ணின் கணவன் காவல் நிலையத்தில் இருந்தான்.

இரண்டு ஆண்டு கழித்து மகிளா நீதிமன்ற வராந்தாவில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் பால் புட்டி வைத்த ஒயர் கூடை. வாய்தாவுக்கு வாய்தா அவனோடு ஒரே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தாள். கூண்டில் ஏறியதும், அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவளைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று குறிப்பிட்டு, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, அடையாளம் காட்டச் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்து, "அவங்க எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். எதிரிக்கு எதிராகச் சாட்சி சொல்லாததால் அவள் பிறழ் சாட்சி என்று அறிவிக்கப்பட்டாள். வெளியே வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்னக் காப்பாத்தறதுக்குன்னு போட்ட கேசுன்னு சொல்றாங்களே, நான் எங்கீங்க சார் கேட்டேன்?" அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலை எப்போதும் இருந்ததில்லை. 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது 10 ஆக இருந்தது. நாடு தழுவிய பெரும் விவாதத்துக்குப் பிறகு 1891 இல் அது 12 ஆனது. 1925 இல் 14, 1940 இல் 16. அதன் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் 16 என்றே நின்றது. 2012 இல் போக்சோ சட்டமும், அடுத்த ஆண்டு தண்டனைச் சட்டத் திருத்தமும் அதை 18 ஆக்கின. குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2011 இல் குற்றமாக இல்லாத ஒன்று 2013 இல் குறைந்தது ஏழாண்டு, பத்தாண்டுச் சிறைக்குரியதாக மாறியது என்பதை நம் கிராமங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இந்தச் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் வெளிப்படையாகப் பேசிய இரண்டு முக்கியமான தீர்ப்புகளும் நம் கொங்கு மண்ணின் வழக்குகளில் எழுந்தவை என்பது தற்செயல்தானா என்று நான் யோசிப்பதுண்டு. முதலாவது நாமக்கல் மாவட்ட வழக்கு. அதில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த நீதிபதி வி. பார்த்திபன், மகிளா நீதிமன்றம் விதித்த பத்தாண்டுத் தண்டனையை ரத்து செய்ததோடு, 16 வயதுக்குப் பிறகு மனமொத்து நிகழும் உறவைப் போக்சோவின் கடுமையான பிரிவுகளிலிருந்து விலக்குவதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்றும், அப்போது இருவருக்கும் இடையே ஐந்து வயதுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றும் ஆலோசனை சொன்னார். இரண்டாவது ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலைய வழக்கு. ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் மீது பதிவான அந்த வழக்கை, பெண்ணும் அவருடைய தாயுமே முன்வந்து கைவிடச் சொல்லிக் கேட்டார்கள். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். விடலைப் பருவக் காதல் உறவுகளைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததே இல்லை என்றும் எழுதினார்.

இந்தத் தீர்ப்புகளைக் காட்டி, "ஐகோர்ட்டில் ரத்து பண்ணிக்கலாம்" என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால் நம்பி இறங்காதீர்கள். போக்சோ வழக்கில் இரு தரப்பும் ராஜியாகிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ரத்து செய்வது உயர் நீதிமன்றத்தின் தனி அதிகாரம். வழக்குக்கு வழக்கு மாறும். 2024 நவம்பரில், ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்த உத்தரவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறுபுறம், 2022 இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தாய்மாமனை மணந்து குழந்தைகளோடு வாழ்ந்துகொண்டிருந்த பெண்ணின் குடும்பத்தைக் கலைக்க வேண்டாம் என்று அதே உச்ச நீதிமன்றம் கணவரின் தண்டனையை நீக்கியது. மேற்கு வங்க வழக்கில் 2024 ஆகஸ்டில் குற்றத்தை உறுதி செய்துவிட்டு, 2025 மே மாதம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திச் சிறைத் தண்டனை வேண்டாம் என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண் பட்ட பாடு தீர்ப்பிலேயே விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இப்படி ஒவ்வொரு குடும்பமும் டெல்லி வரை போய்த்தான் நியாயம் பெற வேண்டும் என்றால், பவர்லூமில் வாரக் கூலி வாங்குகிறவர் எங்கே போவார்?

வயதை 16 ஆகக் குறைக்கப் போகிறார்களா என்றால், அப்படி எந்தச் சட்டமும் வரவில்லை. 2023 செப்டம்பரில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 283 ஆவது அறிக்கையில் சம்மத வயதைக் குறைக்கக் கூடாது என்றே பரிந்துரைத்தது. 16 முதல் 18 வரையுள்ளவர்கள் இணங்கி நடந்த வழக்குகளில், இருவருக்கும் வயது வித்தியாசம் மூன்றுக்கு மேல் இல்லாதது போன்ற சில நிலைகளில், தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை மட்டும் நீதிபதிக்குத் தரலாம் என்றது. உச்ச நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங், 16 ஆகக் குறைக்க வேண்டும் என்று 2025 இல் வாதிட்டார். ஒன்றிய அரசு எதிர்த்தது. எனவே உங்கள் அக்கா மகனுக்கு இன்று பொருந்துவது 18 தான்.

என் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 18 என்ற வரம்பை ஒரே வெட்டாக 16 ஆக்குவதை நான் ஏற்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூற்பாலைகளிலும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் இருக்கிறார், கான்ட்ராக்டர் இருக்கிறார். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து படிக்கிறார்கள். வரம்பு 16 ஆகிவிட்டால், முப்பத்தைந்து வயது ஆள் "அவளும் இணங்கித்தான் இருந்தாள்" என்று சொல்லித் தப்புவார். அந்தப் பெண்தான் தன் மறுப்பை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சம்மதம் என்ற சொல்லுக்கு அதிகாரத்தின் நிழலில் பொருள் இல்லை. ஆனால் 16 தாண்டிய பெண்ணுக்கும், மூன்று நான்கு வயதே மூத்த, அவள்மீது எந்த அதிகாரமும் இல்லாத பையனுக்கும் இடையிலான உறவுக்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கு எழுதப்பட வேண்டும். பல நாடுகளில் அது இருக்கிறது. நீதிபதியின் இரக்கத்துக்கு விட்டுவைக்கும் விஷயமாக அது இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் பேசாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையானதாக இராது. நம் பகுதியில் எந்தக் காதல் புகாராகிறது, எந்தக் காதல் நிச்சயதார்த்தமாகிறது என்பதைப் பெரும்பாலும் சாதிதான் முடிவு செய்கிறது. ஒரே சாதி, ஒத்த வசதி என்றால் பெரியவர்கள் கூடி, 18 முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். பையன் தாழ்த்தப்பட்ட சமூகத்தவன் என்றால், மகள் 'கடத்தப்பட்டாள்' என்று அன்றிரவே புகார் எழுதப்படுகிறது. 2015 இல் நாமக்கல் மாவட்டத்திலும், 2016 இல் உடுமலைப்பேட்டையிலும் சாதி மீறிய நட்புக்கும் திருமணத்துக்கும் உயிரையே விலையாகக் கேட்டார்கள் என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்தைச் சாதியின் கைக்கோலாக்குவது, உண்மையாகவே பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் செய்கிற துரோகம். பொய்ப் புகார்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த அதிகாரி, அந்தக் குழந்தையின் புகாரையும் அதே சந்தேகக் கண்ணோடுதான் வாங்குவார்.

வீட்டை விட்டுப் போன விஷயம் தனி. 18 முடியாத பெண்ணைச் சட்டப்படியான காப்பாளரிடமிருந்து அழைத்துச் செல்வது ஆட்கடத்தல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 137 ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை தண்டனை தருகிறது. ஆயினும், வயது முதிர்ச்சியை நெருங்கிய பெண் தன் முடிவில் வீட்டை விட்டு வந்து சேர்ந்துகொண்டால், தூண்டுதல் எதுவும் இல்லாத நிலையில் அதை 'அழைத்துச் சென்றது' என்று சொல்ல முடியாது என்று 1960களிலேயே மதராஸ் மாநிலத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வேறுபடுத்திக் காட்டியது. யார் யாருக்கு முதலில் செய்தி அனுப்பினார்கள் என்பது முக்கியமாகிவிடும். எனவே கைப்பேசிகளில் உள்ள எதையும் அழிக்க வேண்டாம். அழிப்பதே ஒரு குற்றமாகும். உண்மையும் அதோடு போய்விடும்.

புகார் வந்துவிட்டால் உடனே கைது என்று பயப்பட வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைவர் அனுப்பிய சுற்றறிக்கை, மனமொத்த காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யக் கூடாது, முதலில் அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம், கைது செய்தால் மாவட்டக் கண்காணிப்பாளரின் உத்தரவு வேண்டும் என்று சொல்கிறது. பையன் தலைமறைவானால் இந்தப் பாதுகாப்பெல்லாம் வீணாகிவிடும். பெண்ணுக்கும் உரிமைகள் உண்டு. வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் எழுத வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். கருவுற்ற பதினெட்டு முடியாத பெண் மருத்துவமனைக்குப் போகவே பயப்படக் கூடாது என்பதற்காக, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் காவல் துறைக்கான அறிக்கையில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கேள்விப்பட்ட வைத்தியம், தெரியாத மாத்திரை என்று எவரும் அவள் உயிரோடு விளையாட வேண்டாம்.

(பையனுக்கே 18 முடியாத நிலையை வேறு சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்த வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 முடிந்தவன் என்றால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கவும் அனுப்பலாம். இருவருமே குழந்தைகளாக இருக்கும்போது ஒருவன் மட்டும் எதிரியாவது இந்தச் சட்டத்தின் இன்னொரு வேதனை.)

இப்போது செய்ய வேண்டியது. பெண்ணின் வயதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். நீதிமன்றம் முதலில் பார்ப்பது பள்ளியின் பிறப்புத் தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. டி.சி. மட்டும் போதாது என்று 2023 இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்து, இரு வீட்டாருக்கும் பொதுவான, நிதானமுள்ள ஒருவரை வைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெண் பொதுத்தேர்வை எழுதட்டும், பையன் படிப்பை முடிக்கட்டும், அதுவரை இருவரும் தனித்துச் சந்திக்க வேண்டாம். 18 முடிந்த பின் யாரை மணப்பது என்பது அவள் முடிவு. அவனுக்கு 21 முடியும் வரை அவனும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று: அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லாதது நடந்ததாகச் சொன்னால், பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்; அது புகாராகத்தான் போக வேண்டும்.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்த இடம் வேறு. பெண் திரும்பி வந்த பிறகு பள்ளிக்குப் போகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி நடந்த வீடுகளில் பெண்ணை உடனே பள்ளியிலிருந்து நிறுத்தி, கைப்பேசியைப் பிடுங்கி, உறவுக்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, அடுத்த முகூர்த்தத்திலேயே கட்டிக்கொடுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவள் விரும்பியவனை மணப்பது 17 வயதில் குற்றம் என்றால், விரும்பாதவனுக்குக் கட்டிவைப்பதும் அதே குற்றம்தான். அப்படி ஏதும் நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வந்து தடுக்கும், குழந்தைகள் நலக் குழு அவளுடைய பாதுகாப்பையும் படிப்பையும் பார்த்துக்கொள்ளும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத இரு வீட்டாருமே 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அவள் நாளைக் காலை பள்ளிப் பேருந்தில் ஏறினாளா என்று மட்டும் முதலில் விசாரித்துச் சொல்லுங்கள்.